கொம்பியூட்டர் மணிக்கூடு எவ்வளவு பிழை?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி நேரத்தைப் பற்றியவை. எழுதிய எல்லாரிடமும் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: எவ்வளவு பிழை? ‘நேரம் பிழையாகக் காட்டுது’ என்று மட்டும் சொன்னால் எனக்கு ஒன்றும் விளங்காது. அரை மணித்தியாலமா, ஐந்தரை மணித்தியாலமா, பத்து வருடமா? கணக்கைச் சொன்னால் வருத்தம் பாதி பிடிபட்டுவிடும்.

கேள்வி (உப்புவெளி): காலையில் போட்டால் 2009 ஜனவரி 1 என்று காட்டுகிறது. திருத்தினாலும் அடுத்த நாள் அதே கதை. வங்கியின் தளமும் திறக்கவில்லை. வைரஸா தம்பி?

இல்லை அக்கா, பற்றரி. கொம்பியூட்டர் நின்றிருக்கும்போதும் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்க மதர்போட்டில் (பெட்டிக்குள் எல்லாம் பொருத்தியிருக்கும் பெரிய பலகை) காசு மாதிரி வட்டமாக ஒன்று இருக்கும். சீஆர்2032 என்று கேட்டால் கடையில் தருவார்கள், 3 வோல்ட். சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் வரை பெரும்பாலான மதர்போட்டில் மணிக்கூடு கரண்டிலேயே ஓடும், பற்றரிக்கு வேலை குறைவு. நாங்களோ மாரி தொடங்கினால் இடி மின்னலுக்குப் பயந்து இரவில் எல்லா சுவிட்சையும் நிறுத்திவிட்டுத்தான் படுப்போம். அப்போதுதான் செத்த பற்றரி தன் குணத்தைக் காட்டும். ஒரு இரவு வானம் தெளிவாக இருக்கும்போது சுவிட்சை நிறுத்தாமல் விட்டுப் பாருங்கள். காலையில் நேரம் சரியென்றால் சந்தேகமே வேண்டாம்.

மாற்றும்போது வயரைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். பற்றரியின் ஓரத்தில் உள்ள சின்னக் கொளுக்கியை நகத்தால் தள்ளினால் அது துள்ளி மேலே வரும். எழுத்துள்ள பக்கம் மேலே பார்க்கப் புதியதை வையுங்கள். கடற்கரைப் பக்கம் என்பதால் இன்னொன்றையும் பாருங்கள்: உப்புக்காற்றுப் பட்டுத் தகட்டில் பச்சை பூத்திருந்தால் புதுப் பற்றரியும் வேலை செய்யாது. பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேயுங்கள்.

வங்கித் தளம் திறக்காததற்கும் காரணம் இதுவே. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழில் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை செல்லும் என்று இருக்கும். 2009இல் நிற்கும் கொம்பியூட்டருக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை.

கேள்வி (கிண்ணியா): பற்றரி மாற்றியும் சரிவரவில்லை அண்ணா.

புதுப் பற்றரி என்று நம்ப வேண்டாம். நான் ஒருமுறை வாங்கியது பெட்டிக்குள் இருந்தே பழுதாகியிருந்தது. மல்டிமீற்றரை வைத்தால் 2.6 வோல்ட். மதர்போட்டையே மாற்றச் சொல்லி ஒரு வீட்டுக்காரரிடம் சொல்லியும் விட்டேன், இன்னும் வெட்கம். நல்ல பற்றரி 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும்.

கேள்வி (உவர்மலை): அப்பப்பாவின் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கொம்பியூட்டர், இணையத்திலிருந்து நேரத்தை எடுத்தாலும் சரியாக அரை மணித்தியாலம் முந்துகிறது.

எனக்குப் பிடித்த கேள்வி இது. பழுது எதுவுமில்லை, அது பழைய இலங்கையில் நிற்கிறது! 1996 மேயில் நாட்டு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், அதே ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் மறுபடி பழையபடி, உலகப் பொது நேரத்துக்கு (கிரீன்விச் நேரம்) ஐந்தரை மணித்தியாலம் முன்னே என்ற கணக்குக்கு வந்தோம். எக்ஸ்பி வெளிவந்தது 2001இல். அதனால் மேம்படுத்தாத எக்ஸ்பியில் ‘ஸ்ரீ ஜயவர்தனபுர’ என்ற நேர வலயம் 6 மணித்தியாலம் முன்னே என்றே கிடக்கும். சென்னை, கொல்கத்தா உள்ள வலயத்தைத் தெரிவுசெய்யுங்கள், முடிந்தது. அந்தப் பத்து வருடமும் ‘புது நேரமோ பழைய நேரமோ’ என்று கேட்டுக் கேட்டுத் திரிந்தது அப்பப்பாவுக்கு ஞாபகமிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (தம்பலகாமம்): விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் போட்டேன். விண்டோஸுக்கு வந்தால் ஐந்தரை மணித்தியாலம் பிந்துகிறது.

இரண்டும் ஒரே மணிக்கூட்டைப் பார்க்கின்றன, ஆனால் வேறு வேறு பாஷையில். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று வாசிக்கும். லினக்ஸை உள்ளூர் நேரம் வைக்கச் சொல்லுங்கள், ஒரு வரிக் கட்டளைதான்.

கேள்வி (சீனக்குடா): மாதத்துக்கு ஒரு நிமிடம் பிந்துகிறது. இணையம் எப்போதாவதுதான் போடுவேன்.

அது இயல்பு. உள்ளே ஒரு குவார்ட்ஸ் துண்டு விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. பத்து லட்சத்தில் 20 பங்கு தவறினாலே நாளுக்கு 1.7 விநாடி போய்விடும், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். அது 25 பாகை செல்சியசுக்கு ஒத்தாற்போல் செய்யப்பட்டது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பெட்டிக்குள் இருக்கும் சூட்டில் இன்னும் சோம்பும். வாரம் ஒருமுறை இணையம் போடும்போது நேர அமைப்புக்குள் போய் ஒத்திசைக்கும் பொத்தானை அழுத்துங்கள். அப்புறம், பிழை 15 மணித்தியாலத்தைத் தாண்டியிருந்தால் விண்டோஸ் பொதுவாகத் தானாகத் திருத்தாது. முதலில் திகதியைக் கையால் போட்டுவிட்டு அழுத்துங்கள்.