கார்பன் சைக்கிளைக் காரில் ஏற்றலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோவையில் சைக்கிள் சர்வீஸ் பட்டறை நடத்துபவர் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு கார்பன் ரோடு பைக் வாங்கியிருக்கிறேன். டிஸ்க் பிரேக், த்ரூ ஆக்ஸில் (சக்கரத்தின் நடுவே ஊடுருவித் திருகும் தண்டு). கொல்லிமலை ஏறிப் பார்க்க ஆசை. அடிவாரத்தில் காரவல்லி வரை காரில் கொண்டுபோய், அங்கிருந்து மிதிக்கலாம் என்று திட்டம். கார் சின்ன ஹேட்ச்பேக்தான். என் மாமனார், “மேலே கேரியர்ல படுக்கவெச்சு, கயிறு போட்டு நல்லா இறுக்கிட்டா ஒண்ணும் ஆகாது மாப்பிள்ளை” என்கிறார். கட்டலாமா? — வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். மாமனார் சொல்வதில் அனுபவம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அந்தக் காலத்து இரும்பு சைக்கிளை பஸ் கூரையில் மூட்டைகளோடு மூட்டையாகப் போட்டுக் கட்டினார்கள், அதுவும் ஊர் போய்ச் சேர்ந்தது. உங்களுடையது வேறு ஜாதி. கார்பன் நார் நீளவாக்கில் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். நீங்கள் மேலே உட்கார்ந்து குழியில் இறக்கினாலும் தாங்கும். ஆனால் பக்கவாட்டில் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால் அதற்குப் பிடிக்காது. ஹேண்டிலிலிருந்து சீட் வரை போகிற மேல் குழாயின் சுவர் சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். கயிற்று முடிச்சு அந்த இடத்தில் உட்கார்ந்து, கார் குலுங்கக் குலுங்க அழுத்தினால் உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடும். வெளியே பெயின்ட் பளபளவென்று அப்படியே இருக்கும், அதுதான் கொடுமை.

அதனால் காருக்குள்ளேயே வையுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றிய ரோடு பைக் ஏறக்குறைய 1.35 மீட்டர் நீளம் வரும். பின்சீட்டை மடக்கிவிட்டு டேப் வைத்து அளந்து பாருங்கள். அவ்வளவு இடம் இருந்தால் பின்சக்கரத்தைத் தொடவே வேண்டாம்.

ஏற்றுவதற்கு முன் சைக்கிளை ஈரத்துணியால் துடையுங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை. ஃபிரேமில் ஒட்டிய மணலோடு துணியைச் சுற்றினால் வழிநெடுக அது உப்புத்தாள் வேலை செய்யும். இறங்கிப் பார்க்கும்போது பெயின்ட் மங்கி, தேய்ந்த வட்டம் தெரியும். அப்புறம் ஏ.சி. மெக்கானிக்குகள் செம்புக் குழாய்மேல் மாட்டுகிற கறுப்பு நுரைக் குழாய் இருக்கிறதே, ஏ.சி. ஸ்பேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதை நீளவாக்கில் கிழித்து, ஃபிரேமின் குழாய்கள்மேலும் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் கால்கள்மேலும் மாட்டிவிடுங்கள். இதற்கென்றே விற்கும் விலையுயர்ந்த உறைகளைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கி, செயினைத் தள்ளி கியர் மாற்றுகிற டீரெய்லரை ஃபிரேமோடு சேர்த்துப் பிடிப்பது ஹேங்கர் என்ற ஒரு சின்ன அலுமினியத் துண்டு. அதை வேண்டுமென்றே சுலபமாக வளையும்படி செய்கிறார்கள். அடி விழுந்தால் அது வளைய வேண்டும், ஃபிரேம் உடையக் கூடாது என்பதுதான் கணக்கு. ஆனால் டிக்கியில் ஒரு பெட்டி சரிந்து மோதினாலே அதுவும் வளைந்துவிடும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்பக்கம் வளைந்தாலும் சமவெளியில் மிதிக்கும்போது பெரிதாகத் தெரியாது, கியர் கொஞ்சம் கடகடவென்னும், அவ்வளவுதான். கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எல்லோரும் பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்குத்தான் போவார்கள். அங்கே போனதும் வளைந்த டீரெய்லர் சுழலும் ஸ்போக்கில் மாட்டும். டீரெய்லர், ஸ்போக், சில நேரம் ஃபிரேமின் பின்கால் வரை ஒரே நொடியில் போய்விடும். மலையில் கெட்டது என்று என்னிடம் கொண்டுவருவார்கள். கெட்டது காரில் என்பது ஹேங்கரைப் பார்த்தாலே தெரியும்.

ஆகவே சைக்கிளைப் படுக்க வைக்கும்போது செயின் பக்கம் எப்போதும் மேலே இருக்க வேண்டும். பின்சக்கரம் மாட்டியபடியே போகிறதென்றால், ஏற்றுவதற்கு முன் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு கியரை மாற்றிவிடுங்கள். டீரெய்லர் உள்ளே ஒதுங்கிக்கொள்ளும். கீழே பழைய கம்பளி. மேலே எதுவும் கிடையாது: ஹெல்மெட் இல்லை, தண்ணீர் பாட்டில் இல்லை, மாமியார் கொடுத்தனுப்பும் மாங்காய்ப் பையும் இல்லை. சக்கரத்தைக் கழற்றியதும் த்ரூ ஆக்ஸிலை வெறும் ஃபோர்க்கிலேயே திரும்பத் திருகி வைத்துவிடுங்கள். ஃபோர்க் கால்கள் ஒன்றையொன்று நோக்கி நசுங்காது, ஆக்ஸிலும் தொலையாது. கழற்றிய சக்கரத்தை ஃபிரேம் மேல் சாய்க்காமல் தனியாக நிறுத்துங்கள். அதன் டிஸ்க் எதன் மேலும் அழுந்தக் கூடாது, எண்ணெய்க் கையால் அதைத் தொடவும் கூடாது. கடைசியாக, சைக்கிள் வழுக்காதபடி சீட் போஸ்டையும் பின்சக்கரத்தையும் சுற்றி ஒரு பட்டை நாடா போடுங்கள். ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு இருக்கட்டும். கட்டுவது ஆடாமல் இருக்க, அமுக்குவதற்கு அல்ல. மாமனாரிடம் அந்த நாடாவைக் கொடுத்து அவரையே கட்டச் சொல்லுங்கள், மரியாதையாகவும் இருக்கும்.

கேள்வி: எங்களுடையது செடான். பின்சீட் மடங்காது. டிக்கிக்குள் சைக்கிள் போகவில்லை. என்ன செய்வது? — வாசகி, வேலூர்

பதில்: இரண்டு சக்கரத்தையும் கழற்றுங்கள். இங்கே கியர் விஷயம் தலைகீழ்: பின்சக்கரம் சுலபமாகக் கழன்று வர, செயினைப் பின்னால் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவர வேண்டும். சக்கரங்கள் டிக்கிக்கு, ஃபிரேம் பின்சீட்டுக்கு. சக்கரம் இல்லாத ஃபிரேம் முன்பின்னாக ஒரு மீட்டர் சொச்சம்தான் இருக்கும், சீட்டில் தாராளமாகப் படுக்கும். செயின் தொங்கி சீட் துணியைக் கறையாக்காமல் இருக்க டீரெய்லரையும் செயினையும் சேர்த்துப் பழைய லுங்கியில் சுற்றுங்கள். தூரப் பயணமென்றால் 5 மில்லிமீட்டர் அலென் கீ போட்டு டீரெய்லரை ஹேங்கரிலிருந்து கழற்றி, அதே லுங்கியில் பொதிந்து, ஃபிரேமின் பின்கால்களுக்கு நடுவே தளர்வாகக் கட்டிவிடலாம். ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் பிரேக் குழாய்கள் விறைக்கிறதா என்று பாருங்கள். விறைத்தால் அதற்கு மேல் திருப்பாதீர்கள்.

கேள்வி: சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தபோது என் பையன் பிரேக்கைப் பிடித்து விளையாடிவிட்டான். இப்போது சக்கரம் உள்ளே போக மறுக்கிறது. ஆயில் மாற்ற வேண்டுமா? — வாசகர், ஈரோடு

பதில்: மாற்ற வேண்டாம், பையனையும் திட்ட வேண்டாம். ஹைட்ராலிக் பிரேக்கில் நடுவே டிஸ்க் இல்லாமல் லீவரை அழுத்தினால் பிஸ்டன்கள் முன்னால் வந்து நின்றுகொள்ளும், பிரேக் பேடுகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். டயர் கழற்றும் பிளாஸ்டிக் லீவரை நடுவே விட்டு, மெதுவாக இருபுறமும் தள்ளுங்கள், விலகிவிடும். ஸ்க்ரூடிரைவரைத் தொடாதீர்கள், பேட் முகம் கீறிப்போகும். புது சைக்கிளோடு பெரும்பாலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் தட்டை வரும். எல்லோரும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். சக்கரம் இல்லாதபோது பேடுகளுக்கு நடுவே செருகத்தான் அது. கிடைக்காவிட்டால் அட்டையை மடித்துச் செருகுங்கள்.

கேள்வி: மதிய வெயிலில் சைக்கிளைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் கார்பன் இளகிவிடும் என்கிறான் நண்பன். உண்மையா? — வாசகர், மதுரை

பதில்: சாதாரணமாக ஃபிரேமுக்கு ஒன்றும் ஆகாது. கவலைப்பட வேண்டியது டயருக்காக. காலை 30 டிகிரியில் 90 பி.எஸ்.ஐ. அடித்திருக்கிறீர்கள், மூடிய காருக்குள் 60 டிகிரி ஏறிவிட்டது என்று வையுங்கள். உள்ளே இருப்பது கிட்டத்தட்ட 100 ஆகிவிடும். பழைய டியூபோ, ஓரம் நைந்த டயரோ இருந்தால் வெடிக்க அது போதும், அதுவும் மூடிய காருக்குள். ஏற்றும் முன்பே கால்வாசிக் காற்றை இறக்கிவிட்டுப் போங்கள், இறங்கியதும் பம்பு அடித்துக்கொள்ளலாம். எலக்ட்ரானிக் கியர் என்றால் அதன் பேட்டரியை வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள் வெளியே தெரியாதபடி மேலே ஒரு கறுப்புத் துணியும் போடுங்கள். வெயிலுக்கு மட்டுமல்ல, கண்ணாடியை உடைப்பவர்களுக்காகவும்.

கேள்வி: டிக்கிக் கதவில் பெல்ட்டால் மாட்டும் ஸ்டாண்ட் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? — வாசகர், திருநெல்வேலி

பதில்: கார்பனுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். இந்த ஸ்டாண்டுகளில் சைக்கிளின் மேல் குழாய்தான் இரண்டு கைகளில் தொங்கும், எந்தக் குழாயை அமுக்கக் கூடாது என்று மேலே சொன்னேனோ அதேதான். அலுமினியம், ஸ்டீல் ஃபிரேம் என்றால் பரவாயில்லை. ஆனாலும் நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையும். போலீஸ் நிறுத்தினால் வாதாட வழியில்லை, இரவில் பின்னால் வருபவனுக்கு நீங்கள் பிரேக் போடுவதும் தெரியாது. வெளியேதான் வைத்தாக வேண்டுமென்றால் சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் கூரை ஸ்டாண்ட் மேல். அதை மாட்டியபின் மொத்த உயரத்தை அளந்து, ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். மால் பார்க்கிங்கின் இரும்புச் சட்டம் கூரைமேல் சைக்கிள் இருப்பதை ஞாபகப்படுத்தாது.

கேள்வி: சொந்தக் கார் இல்லை. கால் டாக்சியில் சைக்கிளை ஏற்ற விடுவார்களா? — வாசகி, சென்னை

பதில்: கேட்கும் விதத்தில் இருக்கிறது. வண்டி வந்து நின்றபின் சைக்கிளைக் காட்டினால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ரிவர்ஸ் எடுத்துவிடுவார்கள். புக் ஆனதும் போன் போட்டு, “அண்ணா, சைக்கிள் இருக்கு, சக்கரம் கழற்றி வெச்சிருக்கேன், விரிக்க பெட்ஷீட்டும் நானே கொண்டு வரேன்” என்று சொல்லிப் பாருங்கள். கறைதான் அவர் பயம். செயினைத் துடைத்துச் சுற்றிவைத்திருப்பதைப் பார்த்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். கூடக் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள்.

இறங்கியதும் அவசரப்பட்டு ஏறி மிதிக்க வேண்டாம். ஆக்ஸிலை இறுக்கி, சக்கரத்தைச் சுழலவிட்டு டிஸ்க் உரசுகிறதா என்று கேளுங்கள். லீவரை நாலைந்து தடவை பிடித்துப் பாருங்கள், கெட்டியாக நிற்க வேண்டும். சைக்கிள் படுத்தே வந்திருந்தால் முதல் பிடி தளர்வாக இருக்கலாம், கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்து மறுபடி பிடியுங்கள். அப்போதும் ஹேண்டில்வரை வந்தால் அன்றைக்கு ஓட்டாதீர்கள். ரிம் பிரேக் சைக்கிள் என்றால், சக்கரம் கழற்றத் திறந்துவிட்ட பிரேக் கொக்கியைத் திரும்ப மூடினீர்களா என்றும் பாருங்கள். கியர் எல்லாவற்றையும் ஒரு சுற்று மாற்றிப் பார்த்தபின் டாக்சிக்காரரை அனுப்புங்கள். ஏதாவது வளைந்திருந்தால் திரும்பிப் போக வண்டி வேண்டுமே.