‘ஃப்ரேசியர்’ தொடரை இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஏன் விரும்பிப் பார்க்கிறார்கள்?

1993இல் தொடங்கிய ‘ஃப்ரேசியர்’ என்னும் அமெரிக்க நகைச்சுவைத் தொடர் மேல்தட்டு ஆங்கிலம் அறிந்தவர்களுக்கான வேடிக்கைதானே, அதில் நம்மவர்களுக்கு என்ன இருக்கிறது, பார்ப்பதானால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரிரு அத்தியாயங்களைப் பார்த்து, ஒயினும் ஓபராவும் உளவியல் அறிஞர்களின் பெயர்களும் வரிசையாக வந்து விழுவதைக் கண்டு நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமும் அறியாத, காதும் பாதி கேளாத என் தந்தை அந்தத் தொடரைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்ததை நான் அருகில் அமர்ந்து கண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

அப்பா சோமனூரில் நாற்பது ஆண்டுகள் கூலிக்கு விசைத்தறி ஓட்டியவர். தறிச்சத்தம் அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. 2013இல் அம்மா இறந்த பிறகு, கோவை கவுண்டம்பாளையத்தில் நான் கடனில் வாங்கியிருந்த அடுக்குமாடி வீட்டுக்கு அவரை அழைத்து வந்தேன். அவருடன் அவருடைய கயிற்றுக் கட்டிலும் வந்தது. அதன் ஒரு கால் விரிசல் விட்டு, தறியில் கழித்துப் போட்ட தோல்பட்டையால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. புதிய சோபாவுக்கு எதிரே அதைப் போட்டுக்கொண்டு, “இது எனக்குப் போதுங் கண்ணு” என்றார். நான் அன்று வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் என் முகம் சொல்லியிருக்கும்.

அந்த மாதங்களில்தான் அலுவலக நண்பர் ஒருவர் கொடுத்த குறுந்தகடுகளில் ஃப்ரேசியரின் முதல் அத்தியாயத்தைப் பார்த்தேன். சியாட்டில் நகரில் வானொலியில் மக்களுக்கு ஆலோசனை சொல்லும் மனநல மருத்துவர் ஃப்ரேசியர். அவருடைய வீட்டில், பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் வைத்திருந்த சோபாவின் நகல் இருக்கிறது. இடுப்பில் குண்டடிபட்டுக் காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்ற அவருடைய தந்தை மார்ட்டின், அங்கங்கே ஒட்டுநாடாவால் ஒட்டிய ஒரு பழைய சாய்வு நாற்காலியுடனும் எடி என்ற நாயுடனும் அந்த வீட்டுக்குள் நுழைகிறார். நான் படத்தை நிறுத்தி, எதிரே கட்டிலில் படுத்திருந்த அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் மீண்டும் ஓடவிட்டேன்.

அந்த அத்தியாயத்தில் இருவரும் கடுமையாகச் சண்டையிடுகிறார்கள். நேரில் நன்றி சொல்ல வாய் வராத தந்தை, இறுதியில் மகனின் வானொலி நிகழ்ச்சிக்கு ஒரு நேயரைப் போலத் தொலைபேசியில் அழைத்து அதைச் சொல்கிறார். எங்கள் பக்கத்துத் தகப்பன்மார் வேறு எப்படி நடந்துகொள்கிறார்கள்? என் அப்பா என்னைப் பற்றி நல்லதாகச் சொன்ன ஒவ்வொன்றையும் திருப்பூரில் இருக்கும் என் அக்கா வழியாகத்தான் நான் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃப்ரேசியர் பாத்திரம் முதலில் ‘சியர்ஸ்’ என்ற வேறொரு தொடரில் வந்தது. அதில் தம் தந்தை ஓர் ஆராய்ச்சியாளர் என்றும் இறந்துவிட்டார் என்றும் நண்பர்களிடம் சொல்லியிருந்தார். பிற்பாடு பழைய நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து உயிருடன் இருக்கும் மார்ட்டினைப் பார்த்துவிட, அப்போது தந்தையுடன் சண்டை, கோபத்தில் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று ஃப்ரேசியர் ஒப்புக்கொள்ள நேர்கிறது. படப்பிடிப்பு அரங்கத்தில் அமர்ந்திருந்த பார்வையாளர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரி விடுதியில் நான் நான்கு ஆண்டுகள் “அப்பா ஜவுளி வியாபாரம்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நின்றிருந்த மாதங்களிலும் வட்டிக்கு வாங்கிக் கட்டணம் அனுப்பியவரை அப்படிச் சொன்னேன்.

அப்பா முதலில் அந்த நாய்க்காகத்தான் பார்த்தார். எடி அசையாமல் அமர்ந்து ஃப்ரேசியரையே உற்றுப் பார்ப்பதும், அவர் பொறுமையிழப்பதும் அப்பாவுக்கு அவ்வளவு பிடிக்கும். பிறகு 1999இல் வந்த ஓர் அத்தியாயத்தைப் போட்டேன். அதன் முதல் பகுதி முழுவதிலும் ஏறக்குறைய பேச்சே இல்லை. ஃப்ரேசியரின் தம்பி நைல்ஸ் ஒரு விருந்துக்காகத் தனியே காத்திருக்கிறார். கால்சட்டையின் மடிப்பு சரியில்லை என்று கழற்றி இஸ்திரி போடத் தொடங்கி, அதில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நூலைக் கண்டு கத்தரிக்கோலை எடுத்து, விரலை வெட்டிக்கொண்டு, இரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுகிறார். வீட்டில் தீப்பிடிக்கும் வரை அது வளர்கிறது. நைல்ஸ் அந்த நூலை உற்றுப் பார்த்தபோதே அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “பிசிறத் தொடாத சாமி, அது நிக்காது” என்று திரையைப் பார்த்துச் சொன்னார். நாற்பது ஆண்டு துணியைத் தடவிப் பார்த்த கை அது. பிறகு சிரிக்கத் தொடங்கியவர் இருமல் வந்த பின்னும் நிறுத்தவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது. ஒரு நூலைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடியாத சுபாவம் நைல்ஸுக்கு இருப்பதால்தான் வீடு தீப்பிடிக்கிறது. அந்த இடத்தில் மார்ட்டின் இருந்திருந்தால் கதையே இல்லை. சிலேடைகள் பழையதாகிவிடும், அக்காலத்து அரசியல் கேலிகள் மறந்துவிடும். ஆனால் படித்த மகனின் கர்வமும் படிக்காத தகப்பனின் வீம்பும் ஒரே கூரையின் கீழ் இருப்பது பழையதாவதில்லை. எழுதியவர்கள் யாரையும் திருத்திவிட முயலவில்லை. பதினொரு பருவங்களிலும் (சீசன்களிலும்) மார்ட்டினுக்கு அந்த வீட்டில் அப்படியொரு நாற்காலி இருக்கிறது.

ஆங்கிலப் புலமை இல்லாமலேயே முழுவதையும் ரசிக்கலாம் என்று நான் வாதிடவில்லை. சொல்நயத்தில் பாதி அப்பாவுக்குப் போய்ச் சேரவே இல்லை. 264 அத்தியாயங்களும் ஒரே தரம் என்றும் சொல்ல மாட்டேன். எட்டாம் பருவத்துக்குப் பிறகு தொய்வு உண்டு. சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருதைத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பெற்றதைச் சுட்டிக்காட்டி உங்கள் வாயை அடைப்பதும் என் நோக்கம் அன்று.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் மீது மட்டும் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. கோடையில் காற்றுக்காக அப்பா கட்டிலை நடைவழியில் போட்டுப் படுத்த இரண்டாம் நாளே, ‘தோற்றம் கெடுகிறது’ என்று எழுத்தில் கடிதம் கொடுத்தார்கள். முதல் பருவத்தின் பிற்பகுதியில் ஃப்ரேசியர் அந்த நாற்காலியை அப்புறப்படுத்திவிட்டுப் புதியதொன்றை வாங்கி வைக்கும் அத்தியாயம் ஒன்று உண்டு. நிலவில் மனிதன் கால் வைத்ததைப் பார்த்ததும், பேரன் பிறந்த செய்தியைக் கேட்டதும் அதில் அமர்ந்துதான் என்று மார்ட்டின் அதில் சொல்கிறார். அந்தக் காட்சியை அவர்களுக்குப் போட்டுக்காட்ட வேண்டும் என்று தோன்றியது. நான் பிறந்த செய்தியை அப்பா கேட்டதும், அம்மா கடைசியாகப் படுத்திருந்ததும் அந்தக் கட்டிலில்தான்.

நீங்கள் முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்குங்கள். பொறுமை இல்லையென்றால் அந்த இஸ்திரிக் காட்சியை முதலில் பார்த்துவிடுங்கள். அப்பா இப்போது சோமனூருக்கே திரும்பிவிட்டார், கட்டிலும் போய்விட்டது. சென்ற வாரம் அக்காவிடம், “அந்த நாய்ப் படத்தைத் தம்பி கொண்டாருவானான்னு கேளு” என்றாராம். ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போகிறேன்.