தேவாலயத்தில் மேய்ப்பர் பாட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரிஸில் வசிக்கிறேன். சென்ற வாரம் ஒரு தேவாலயத்தில் மாலைக் கச்சேரி கேட்டேன். முதலில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் ரெக்வியம், இடைவேளைக்குப் பிறகு கான்டலூப் தொகுத்த, பிரான்சின் ஓவெர்ன் மலைநாட்டுப் பாடல்கள். இறந்தவர்களுக்கான பூசை இசையில் மனம் அடங்கியிருக்கும்போது ஆடு மேய்ப்பவர்களின் பாட்டு ஒட்டவே இல்லை. இரண்டையும் ஏன் சேர்க்கிறார்கள்?

கு.

அன்புள்ள கு.,

ஒட்டாமல் போனது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதற்கு நாட்டுப் பாட்டைக் குறை சொல்லமாட்டேன். பிரெஞ்சு தேவாலயத்துக்கு அது புதிதல்ல.

ஷார்பாந்தியே என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1690களில் எழுதிய கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையைக் கேளுங்கள். 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்று மன்றாடும் தொடக்கமே, சூசையப்பரின் கல்யாணத்தைப் பற்றிய ஊர்ப்பாட்டின் மெட்டில்தான் போகிறது. மேலே லத்தீன், அடியில் கிட்டத்தட்ட நடனம். பூசைக்கு வந்த ஜனங்களுக்கு அந்த மெட்டுகள் முன்பே தெரிந்தவை. யாரும் முகம் சுளித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிரெஞ்சு இசையமைப்பாளர் புலான்க் இன்னும் நல்ல உதாரணம். 1936இல் அவருடைய சக இசையமைப்பாளர் ஃபெரூ கார் விபத்தில் இறந்தார். அந்த அதிர்ச்சியோடு புலான்க் ரொகமதூர் என்ற யாத்திரைத் தலத்துக்குப் போனார். செங்குத்தான பாறையை ஒட்டிக் கட்டிய கோயில், உள்ளே கரிய மாதா சொரூபம். யாத்ரீகர்கள் அங்கே பிரெஞ்சில் சொல்லும் மன்றாட்டு மாலையையே எடுத்து, பெண்கள் அல்லது சிறுவர் குரல்களுக்கும் ஆர்கனுக்கும் ஒரே வாரத்தில் இசையமைத்துவிட்டார். குடியானவர்களின் பக்தியைக் கொண்டுவரப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இடையிடையே ஆர்கன் அலறும், குரல்கள் மறுபடி தணியும். எனக்கு ஃபோரேயைவிட இது பிடிக்கும், சண்டைக்கு வராதீர்கள்!

அப்படியானால் அன்று உறுத்தியது எது? அந்த மலைப் பாட்டுகளுக்குக் கான்டலூப் போட்டுவிட்ட உடுப்பு என்பேன். நீரோட்டத்துக்கு அக்கரையில் நிற்கும் மேய்ப்பனைக் கூவி அழைக்கும் 'பைலேரோ' என்ற பாட்டைச் சுற்றி, 1920களில் அவர் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவை மினுக்கவிட்டார். குடியானவன் பாடும்போது சுற்றியுள்ள இயற்கையும் கூடவே ஒலிக்கிறது, அதைத்தான் வாத்தியங்களில் எழுதினேன் என்பது அவர் கட்சி. அரங்கில் அது அழகுதான். கல் கட்டடத்தின் எதிரொலியிலோ எல்லாம் குழைந்து, பாட்டில் மலைக்காற்றே இல்லாமல் போய்விடும். போதாததற்கு ஃபோரே, நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிய நீண்ட பாட்டில் கடைசி வரியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டவர். அத்தனை சாந்தத்துக்குப் பிறகு இந்த மினுக்கல் கண்ணைக் கூசத்தான் செய்யும்.

வரிசையை மாற்றி, கான்டலூபை முதலில் பியானோவோடு மட்டும் பாடியிருக்கலாம். சரி, டிசம்பரில் உங்கள் ஊரில் யாராவது ஷார்பாந்தியே பாடினால் போய்க் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.