"விதி விதிதானே? காசுக்கு விளையாடிய அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தோர்ப்பின் இரண்டு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களைப் பறித்ததில் என்ன தப்பு?"

கேள்வியிலேயே தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். விதிதான் முக்கியம் என்றால் விதிப் புத்தகத்தை முழுதாகப் படிப்போம்.

முதலில் உங்கள் பக்க நியாயம். ஆம், காசு வாங்கினார். 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவின் ராக்கி மவுண்ட் அணிக்கு பேஸ்பால் ஆடினார். ஆட்டத்துக்கு 2 டாலர் என்பார்கள், வாரத்துக்கு 35 டாலர் வரை என்பார்கள். எதுவாக இருந்தாலும், விளையாடக் காசு வாங்கக் கூடாது என்ற அன்றைய அமெச்சூர் விதிப்படி அது மீறல்தான், மறுக்கவில்லை. அதே கோடைகளில் பல கல்லூரிப் பையன்கள் பொய்ப் பெயரில் ஆடித் தப்பித்தார்கள். இவர் சொந்தப் பெயரில் ஆடி மாட்டிக்கொண்டார்.

இனி விதி. 1912 ஸ்டாக்ஹோம் ஒழுங்குமுறைப்படி, ஒருவரின் தகுதியை எதிர்த்தால் எழுத்து மூலம், 20 குரோனர் கட்டணத்தோடு, பரிசளிப்பு முடிந்த 30 நாளுக்குள் புகார் ஸ்வீடன் ஒலிம்பிக் குழுவின் கையில் இருக்க வேண்டும். பரிசளிப்பு ஜூலை 15. அதாவது ஆகஸ்ட் நடுவோடு கதவு சாத்தியாயிற்று. அமெரிக்காவின் வூஸ்டர் நகரப் பத்திரிகையில் பேஸ்பால் செய்தி வந்ததோ 1913 ஜனவரியில். அமெரிக்க அமெச்சூர் தடகள யூனியன் தானே முன்வந்து பதக்கங்களைத் திருப்பி அனுப்பியது. சர்வதேச ஒலிம்பிக் குழுவும் காலக்கெடுவைப் பற்றி வாயே திறக்காமல் வாங்கிக்கொண்டது. ஒரு விதியை மீறியதற்குத் தண்டனை, இன்னொரு விதியை மீறி. 1980களில், தோர்ப்புக்காகப் போராடிய புளோரன்ஸ் ரிட்லன் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் அந்த ஒழுங்குமுறைப் புத்தகத்தைத் தேடிப் பிடித்த பிறகுதான் வழக்கு நகர்ந்தது.

பறித்தது எதை என்பதையும் பாருங்கள். ஜூலை 7: பென்டத்லான். ஐந்து போட்டிகளில் நான்கில் முதலிடம், ஈட்டி எறிதலில் மட்டும் மூன்றாமிடம். மறுநாள் தனி உயரம் தாண்டுதல், நான்காமிடம். 12ஆம் தேதி தனி நீளம் தாண்டுதல், ஏழாமிடம். 13 முதல் 15 வரை பத்துப் போட்டிகள் கொண்ட டெகாத்லான். அதில் குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், 110 மீட்டர் தடை ஓட்டம், 1500 மீட்டர் நான்கிலும் முதலிடம். குண்டு எறியத் தேவை உடல் கனம், 1500க்குத் தேவை கனமின்மை. ஒரே உடம்பில் இரண்டும் அமைவது அபூர்வம், அதனால்தான் இந்தப் பட்டியல் இன்றும் மலைக்க வைக்கிறது. மொத்தம் 8,412 புள்ளி. இரண்டாவது வந்த ஸ்வீடனின் வீஸ்லாண்டருக்கு 7,724. (இன்றைய அட்டவணையில் வெறும் 6,564 தானே என்று கிளம்பி வராதீர்கள். அது கரித்தூள் பாதையில் ஓடிய காலம்.)

அதற்கு முந்தைய ஆண்டு, கார்லைல் பழங்குடிப் பள்ளிக்காக ஹார்வர்டை 18-15 என வீழ்த்திய அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் நான்கு ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது), அப்போது ஒன்றுக்கு 3 புள்ளி. பதக்கம் போன பிறகு நியூயார்க் ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணி. இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பேஸ்பாலில் அவர் சுமார்தான், 289 ஆட்டத்தில் பேட்டிங் சராசரி .252. காசு தந்த கால்பந்தில்தான் ராஜா. 1915இல் கேன்டன் புல்டாக்ஸ் அணி ஆட்டத்துக்கு 250 டாலர் கொடுத்தது. 1920இல் தொடங்கி பிறகு என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) ஆன சங்கத்துக்கு முதல் தலைவரும் இவரே.

சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெவ்வேறு ஜோடியிலிருந்து கைக்குக் கிடைத்த ஷூக்களை மாட்டி நிற்கும் அவர் படத்தை 'சாக்குப்போக்கு சொல்லாதே' என்று வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு அனுப்புகிறார்கள். அந்தப் படத்தில் அவர் ஒரு காலில் கூடுதல் காலுறை மாட்டியிருப்பதைப் பார்க்கிறவர்கள், பதக்கம் போன கதையை ஒரு வரிகூடப் போடுவதில்லை. அமெரிக்கப் பழங்குடிகள் அனைவருக்கும் அந்நாட்டுக் குடியுரிமை 1924இல்தான் கிடைத்தது என்பதையும் போடுவதில்லை. நான் அமெரிக்க ரசிகனும் அல்ல, ஷூவைக் குறை சொல்லவும் இல்லை.

தோர்ப் 1953இல் இறந்தார். 1982இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அவரை 'இணை' வெற்றியாளர் ஆக்கியது. 688 புள்ளி வித்தியாசத்தில் என்ன இணை? தங்கத்துக்கு உரியவர் தோர்ப்தான் என்பதே வீஸ்லாண்டரின் நிலையாகவும் இருந்தது. தனி வெற்றியாளர் என்று பதிவேட்டைத் திருத்தியது 2022 ஜூலையில். 1983இல் பிள்ளைகள் கையில் கொடுத்தவை நகல் பதக்கங்கள். அசல் இரண்டும் அருங்காட்சியகங்களிலிருந்து திருடுபோய்விட்டன.