மாதிரிக் காட்சிகளுக்குப் புல் தரை: கேள்வி பதில்

சிற்றளவு மாதிரிகளைப் புல் தரையில் நிறுத்திக் காட்சிப்படுத்துவது பற்றி மட்டக்களப்பு, அம்பாறை நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கல்லடி: ஐயா, 1:72 அளவு (அசலின் 72 இல் ஒரு பங்கு) உழவு இயந்திரத்தைச் சுற்றி 6 மி.மீ. நைலோன் புல் ஒட்டினேன். பற்றைக்காடு போலத் தெரிகிறதே?

தம்பி, ஆறை 72 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 432 மி.மீ. வருகிறது. ஏறத்தாழ முழங்கால் உயரம். வரம்புப் புல்லுக்கு 2 மி.மீ. போதும், அது 14 சென்ரிமீற்றருக்குச் சமம். அதே 6 மி.மீ. புல், 1:35 மாதிரிக்கு 21 சென்ரிமீற்றராகி அழகாகப் பொருந்தும்.

ஏறாவூர்: நானா, நிலைமின் கருவியால் தூவியும் புல் நிமிராமல் படுத்துவிடுகிறது.

கருவியின் சல்லடைக்கும் ஈரப் பசைக்கும் இடையே மின்புலம் உண்டாகி, அதன் திசையிலேயே இழைகள் நிமிர்ந்து பாய்ந்து பசையில் குத்தி நிற்கின்றன. அடித்தளமாக வைக்கும் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) மின்னைக் கடத்தாது என்பதால், கருவியின் கவ்வியை ஓர் ஆணியில் மாட்டி, அந்த ஆணி ஈரப் பசையைத் தொடும்படி குத்திவையுங்கள். பசை காயத் தொடங்கியிருந்தாலும், மாரிகால ஈரக்காற்றில் இழைகள் ஈரம் பிடித்துக் கட்டியாகியிருந்தாலும் புல் நிமிராது. நுளம்பு மட்டையைக் கழற்றி இக்கருவியைச் செய்வோரும் உண்டு. நிறுத்திய பிறகும் அதன் மின்தேக்கியில் மின் தங்கியிருக்கும் என்பதால், மின்வேலை பழகாதவர் அதில் கை வைக்கவேண்டாம்.

களுவாஞ்சிகுடி: என் புல் தரை பச்சைக் கம்பளம் போல இருக்கிறது, ஐயா. எங்கே பிழை?

பெரும்பாலும் பிழை புல்லில் இல்லை, அதன் கீழுள்ள மண்ணில்தான். அடித்தளத்துக்குப் பச்சை வண்ணம் பூசுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். மண்ணிறம் பூசி, சலித்த தும்புத்தூளை ஒட்டி, அது நன்றாகக் காய்ந்த பிறகே புல்லைத் தொடங்கவேண்டும். வெள்ளைப் பசையைத் தூரிகையால் இழுத்துப் பூசாமல், பழைய தூரிகையின் நுனியால் குத்திக் குத்தித் திட்டுத் திட்டாக வைத்தால், இடையிடையே மண் தெரியும். முதலில் 2 மி.மீ. புல்லைத் தூவி, அது காய்ந்த பிறகு, ஓரங்களில் மட்டும் பசைப் புள்ளிகள் வைத்து 4 மி.மீ. புல்லைச் சேருங்கள். ஒரு மாலை வயல் வரம்பில் நடந்து பார்த்தால் காரணம் விளங்கும்: ஆளும் மாடும் மிதிக்கும் நடுப்பகுதி மொட்டையாகவும், இரு ஓரங்களிலும் புல் உயர்ந்தும் இருக்கும். நிறமும் ஒன்றாக இருக்கலாகாது. கார்த்திகை மழைக்குப் பிந்திய காட்சியென்றால் பச்சை மிகுந்திருக்கட்டும். ஆடி, ஆவணி வெயில் என்றால் பாதிக்குமேல் வைக்கோல் நிறமே வேண்டும். இவ்விரண்டையும் டப்பாவிலேயே முழுமையாகக் கலக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகத் தூவுவதே எனக்குப் பிடித்த முறை.

கல்முனை: கடற்கரை மணலைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் பல தடவை நல்ல நீரில் அலசி உப்பை நீக்காவிட்டால், பின்னர் வெள்ளை பூத்து வண்ணத்தைக் கெடுக்கும். 1:72 இல் 1 மி.மீ. மணல் ஏழு சென்ரிமீற்றர் கல்லாகிவிடும் என்பதால் மெல்லிய துணியில் சலித்தெடுங்கள்.

சம்மாந்துறை: நீர் நிற்கும் இளம் நெல் வயலை அமைக்க விரும்புகிறேன், நானா. நாற்றை வரிசையாக நடவேண்டுமா?

வேண்டாம். படங்களில் காணும் வரிசை, நாற்று நடும் வயல்களுக்குரியது; நம் பகுதியில் பெரும்பாலும் விதைத்தே பயிரிடுகிறோம், ஆகவே பயிர் ஓரிடத்தில் அடர்த்தியாகவும் ஓரிடத்தில் ஐதாகவும் நிற்கவேண்டும். நீர்போலக் காட்ட எபொக்சி பிசினை (ஊற்றியபின் இறுகும் தெளிந்த பிசின்) ஊற்றும்போது, அது புல் இழைகளின் மேல் ஏறிப் பளபளக்கும். அதைத் தடுக்க மெல்லிய படைகளாக ஊற்றி, ஒவ்வொன்றும் இறுகிய பின்னரே அடுத்ததை ஊற்றுங்கள். தடிப்பாக ஊற்றினால் பிசின் சூடேறி ரெஜிபோமையும் உருக்கக்கூடும். அப்படியும் மேலேறிய இடங்களில், காய்ந்த பிறகு பளபளப்பற்ற வார்னிஷை நுண் தூரிகையால் தொட்டுவிட்டால் மினுக்கம் அடங்கும்.