இந்தியக் கடலோரக் காவல் படையின் வேலை என்ன? கடற்படை இருக்கும்போது அது எதற்கு?

கடற்படை போருக்கானது. அமைதிக் காலத்திலும் கடலில் சட்டத்தை நடைமுறைப்படுத்தத் தனி ஆள் வேண்டும். 1970-களில் கடத்தல் பெருகியபோது, அரசு அமைத்த ருஸ்தம்ஜி குழு இதற்கெனத் தனிப் படையைப் பரிந்துரைத்தது. 1977 பிப்ரவரி 1-இல் இடைக்கால அமைப்பாகத் தொடங்கிய படைக்கு 1978-இல் தனிச் சட்டம் வந்தது. கடற்படையைப் போலவே பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்தான் இதுவும் இயங்குகிறது.

கடத்தலையும் அத்துமீறிய மீன்பிடிப்பையும் தடுப்பது, கடல் வளங்களில் நாட்டுக்குத் தனி உரிமையுள்ள, 200 கடல் மைல் வரையுள்ள பொருளாதார மண்டலத்தைக் கண்காணிப்பது எல்லாம் இதன் கடமைகள். ஆனால் என் பார்வையில் இதன் உயிர்நாடி மீட்புப் பணிதான். மும்பை, சென்னை, அந்தமான் தலைநகர் ஆகிய மூன்று இடங்களிலும் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் உள்ளன. நடுக்கடலில் தவிக்கும் மீனவர் அபாய அறிவிப்புக் கருவியின் பொத்தானை அழுத்தினால், செயற்கைக்கோள் வழியே படகின் இருப்பிடம் மீட்பு மையத்துக்குப் போய்விடும். கைப்பேசிக் கோபுரம் எட்டாத தொலைவில் அந்தக் கருவியே துணை. அது இல்லாமல் ஒரு படகும் ஆழ்கடலுக்குப் போகக்கூடாது.

எண்ணெய்க் கசிவைக் கையாள்வதும் இவர்கள் பொறுப்பே. 2020 செப்டம்பரில் இலங்கையின் கிழக்குக் கடலில் 'நியூ டயமண்ட்' கப்பல் ஏறத்தாழ 2.7 லட்சம் டன் கச்சா எண்ணெயுடன் தீப்பற்றியது. இலங்கைக் கடற்படையுடன் சேர்ந்து இவர்களும் தீயை அணைத்தார்கள். சரக்கு எண்ணெய் கடலில் கொட்டவில்லை.

கடலில் ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய கட்டணமில்லா எண் 1554.