சொராரிட்டி தேர்வு வாரம்: கையெழுத்துக்கு முன்

கேள்வி: மகள் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்கிறாள். வகுப்பு தொடங்கும் முன்பே, ஆகஸ்டில், சொராரிட்டி எனும் மாணவியர் சங்கங்களில் சேரத் தேர்வு வாரமாம். கடைசி நாள் கையெழுத்துப் போட்டால் பின்வாங்க முடியாது என்கிறாள். அப்படியா? – ஒரு வாசகி, டாலஸ்

பதில்: ஆமாம். 1902இல் தொடங்கிய தேசிய பான்ஹெலனிக் மாநாடு எனும் கூட்டமைப்பில் இணைந்த 26 சங்கங்களுக்கும் இந்த விதி உண்டு. முதல் சுற்றில் உங்கள் மகள் தன் வளாகத்தில் இருக்கும் இச்சங்கங்கள் எல்லாவற்றையும் பார்ப்பாள். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் தன் விருப்ப வரிசையைப் பதிவு செய்வாள். சங்கங்களும் தங்கள் பட்டியலைத் தரும். இரண்டையும் கணினி பொருத்திப் பார்க்கும். மறுநாள் அவள் கைக்கு வரும் அட்டவணையில் பெயர்கள் குறைந்திருக்கும்.

இங்கேதான் பிள்ளைகள் உடைந்து போகிறார்கள். பலரும் விரும்பும் சங்கம் முதல் சுற்றுகளிலேயே நிறையப் பேரை விடுவித்தாக வேண்டும்; கடைசிவரை ஆசை காட்டக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இருபது நிமிடப் பேச்சை வைத்து நடக்கும் கழிப்பு அது. அவளுடைய குணத்துக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

கடைசிச் சுற்றின் பெயர் 'பிரிஃபரன்ஸ்'. பெரும்பாலும் இரண்டு சங்கங்கள் மிஞ்சும். அது முடிந்த கையோடு வரிசை எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதிய சங்கத்திலிருந்து 'பிட்' எனும் சேர்க்கை அழைப்பு வந்து அதை மறுத்தால், அந்த வளாகத்தில் இந்த 26இல் வேறு எதிலும் அடுத்த ஆண்டுத் தேர்வுவரை சேர முடியாது. ஆகவே மனம் ஒப்பாத பெயரை எழுதவே கூடாது. பிடித்த ஒன்றை மட்டும் எழுதினால், அது கிடைக்காதபோது கையில் எதுவும் இராது. இரண்டிலும் சேரச் சம்மதம் என்றால் இரண்டையும் எழுதுவதே பாதுகாப்பு. குழப்பமாக இருந்தால் கையெழுத்திடாமல் வந்துவிடலாம். இடம் மீதமுள்ள சங்கங்கள் பிறகும் ஆள் சேர்ப்பதுண்டு.

ஒவ்வொரு சங்க வீட்டைவிட்டும் வெளியே வந்ததும் யாரோடு என்ன பேசினாள் என்று இரண்டு வரி குறித்துக்கொள்ளட்டும். நாலைந்து வீடு பார்த்த பிறகு முகங்களெல்லாம் ஒன்றாகிவிடும். நடக்க வசதியான மாற்றுச் செருப்பும் தண்ணீரும் அவசியம். சந்தேகம் வந்தால் 'ரோ காமா' எனப் பல வளாகங்களில் அழைக்கப்படும் வழிகாட்டி மாணவியிடம் கேட்கலாம். தேர்வு முடியும்வரை அவர் தன் சங்கத்திலிருந்து விலகியிருப்பார். எந்தப் பக்கமும் சாய மாட்டார்.

கேள்வி: செலவு எவ்வளவு ஆகும்?

பதில்: வளாகத்துக்கு வளாகம் மாறும். முதல் பருவத்தில்தான் அதிகம். புதிய உறுப்பினர் கட்டணமும் சின்னத்தின் விலையும் அப்போதே சேர்ந்துவிடும். மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: முதல் பருவ மொத்தத் தொகை, இரண்டாம் ஆண்டில் சங்க வீட்டில் தங்குவது கட்டாயமா, கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் எவ்வளவு. வீட்டில் தங்காதவர்களிடமும் வீட்டுப் பராமரிப்புக்கென்று பணம் வாங்கும் சங்கங்கள் உண்டு. இதைக் கேட்கப் பெற்றோர் கூச்சப்பட வேண்டியதில்லை.

கேள்வி: தெற்காசிய மாணவியருக்கென்று சங்கம் உண்டா?

பதில்: உண்டு. டெல்டா ஃபை ஒமேகா 1998இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இத்தகைய சங்கங்களில் கணினிப் பொருத்தம் கிடையாது. அறிமுகக் கூட்டங்களும் நேர்காணலும்தான். எதில் சேர்ந்தாலும், குடிக்கச் சொல்வது, தூங்க விடாமல் வைப்பது, வீட்டுக்குச் சொல்லாதே என்பது எல்லாம் ராகிங்தான். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டத்தின்படி, இத்தகைய விதிமீறல்களை அறிக்கையாகக் கல்லூரிகள் வெளியிட வேண்டும். கையெழுத்திடுவதற்கு முன் கல்லூரி இணையதளத்தில் அந்தச் சங்கத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள்.